ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் ரெஃபரன்ஸ் அறுந்துபோனால் எங்கிருந்து சரிசெய்வது

முப்பரிமாணப் பாகங்களை வரையும் இலவச மென்பொருளான ஃப்ரீகேட் கற்க ஆரம்பித்தவர்களில் நிறையப் பேர் ஒரே இடத்தில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். பாகம் நன்றாக வந்துகொண்டிருக்கும், ட்ரீயில் (நீங்கள் செய்த படிகளின் பட்டியல்) எட்டுப் பத்து ஃபீச்சர் (ஒவ்வொரு படியும் ஒரு ஃபீச்சர்) சேர்ந்திருக்கும், முதல் ஸ்கெட்சைத் (தட்டையான வரைபடம்) திறந்து ஒரு கோட்டை மாற்றிவிட்டு மூடினால் பாதி ட்ரீ சிவப்பாகிவிடும். உடனே சிவப்பானதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி வரையத் தொடங்குவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு ஃபீச்சர் தனக்கு முந்தைய ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் இணைப்புதான் ரெஃபரன்ஸ். சிவப்பு எத்தனை இருந்தாலும் உண்மையில் அறுந்த இடம் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான், மற்றவை அதை நம்பி நின்றதால் சேர்ந்து விழுந்தவை. அந்த ஒன்றைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டால் மீதி தானாக எழுந்து நிற்கும்.

ஓர் எளிய பாகத்தை வைத்துக்கொண்டே போகலாம், கூடவே நீங்களும் செய்து பாருங்கள். 80 மிமீ நீளம், 50 மிமீ அகலத்தில் ஒரு செவ்வக ஸ்கெட்ச், அதற்கு 6 மிமீ பேட், அதாவது வரைந்ததை அந்த அளவுக்குத் தடிமனாக்குவது. அது அடித்தட்டு. தட்டின் மேல் ஃபேஸைத் (பரப்பு) தேர்ந்து இரண்டாவது ஸ்கெட்ச், அதில் 20 மிமீ விட்டத்தில் ஒரு வட்டம், வட்டத்தின் மையம் தட்டின் வலது எட்ஜிலிருந்து (விளிம்பு) 20 மிமீ உள்ளே. அந்த வட்டத்துக்கு 15 மிமீ பேட். அப்புறம் அந்த உருளையின் நடுவில் 8 மிமீ துளை, கடைசியில் இரண்டு மூலைக்கு ஃபில்லட், அதாவது மூலையை வளைவாக்குவது. சாதாரண பிராக்கெட், அவ்வளவுதான்.

ஏன் அறுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் சரிசெய்யப் போனால் குருட்டாம்போக்கில் கிளிக் செய்வதாகத்தான் முடியும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் 'மேல் ஃபேஸ்' என்று நினைத்துக் கிளிக் செய்கிறீர்கள். மென்பொருளுக்கு மேல், கீழ் என்று எதுவும் தெரியாது. ஃப்ரீகேடுக்கு அடியில் ஓடும் ஓப்பன் கேஸ்கேட் கெர்னல் (வடிவங்களைக் கணக்கிடும் அடிப்படை நிரல்) ஒவ்வொரு முறை கணக்குப் போடும்போதும் ஃபேஸ்களுக்கு ஃபேஸ்1, ஃபேஸ்2 என்று வரிசையாக எண் கொடுக்கிறது, எட்ஜ்களுக்கும் அப்படியே. நம் செவ்வகத் தட்டுக்கு 6 ஃபேஸ், 12 எட்ஜ். பக்கவாட்டு நான்கும் 1 முதல் 4 வரை, அடி 5, மேல் 6. உங்கள் இரண்டாவது ஸ்கெட்ச் 'ஃபேஸ்6-இல் உட்கார்' என்று எழுதி வைத்துக்கொண்டது.

இப்போது முதல் ஸ்கெட்சில் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டுகிறீர்கள். நான்கு கோடு ஐந்தாகிறது. பேட் மறுபடி கணக்கிடப்படுகிறது, 7 ஃபேஸ், 15 எட்ஜ். பக்கவாட்டுக்கே 1 முதல் 5 வரை போய்விட்டதால் அடி ஃபேஸ்6 ஆகிவிட்டது, மேல் ஃபேஸ்7. ஸ்கெட்ச் மட்டும் பழைய வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு ஃபேஸ்6-க்கே போகிறது, அதாவது தட்டின் அடிப்பக்கத்துக்கு. மேலே எழும்ப வேண்டிய உருளை கீழே தொங்கும். எந்த எச்சரிக்கையும் வராது, சிவப்பும் வராது, ஏனென்றால் ஃபேஸ்6 என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது!

இதைத்தான் டோப்போலாஜிக்கல் நேமிங் பிரச்சினை என்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0-இல் இதற்குப் பெரிய மருந்து வந்துவிட்டது. ரியல்தண்டர் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் தன் தனிக்கிளையில் பல வருடம் வளர்த்த வேலை அதன் அடித்தளம். ஒரு ஃபேஸ் எந்த ஸ்கெட்ச் கோட்டிலிருந்து, எந்த ஃபீச்சர் வழியாக வந்தது என்ற பூர்வீகத்தை வைத்து அதற்குப் பெயர் கொடுக்கிறது. மேலே சொன்ன மூலை வெட்டு 1.0-இல் உருளையைக் கீழே தள்ளாது. நீங்கள் இன்னும் 0.21-இல் இருந்தால் முதலில் மாறுங்கள், மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம்.

ஆனால் 1.0 வந்துவிட்டதால் இனி அறுகவே அறுகாது என்று நினைக்க வேண்டாம். பூர்வீகமே இல்லாமல் போனால் எந்த மென்பொருளும் கண்டுபிடிக்க முடியாது. வலது கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் புதுக்கோடு வரைந்தால், கண்ணுக்கு அது அதே கோடு, மென்பொருளுக்கு அது வேறு ஆள். ஃபில்லட் ஓர் எட்ஜை விழுங்கிவிட்டால் அந்த எட்ஜ் உலகத்திலேயே இல்லை. இந்த மாதிரி இடங்களில் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

கைவைக்கும் முன்

முதலில் கன்ட்ரோல் இசட். இப்போதுதான் செய்த மாற்றம் என்றால் திரும்பிப் போய், அதே மாற்றத்தை வேறு விதமாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். கோட்டை அழிக்காமல், மூலையில் இரண்டு கோடுகளையும் சேர்த்துவைத்திருக்கும் கன்ஸ்ட்ரெயின்டை (கோடுகளின் அளவையும் இடத்தையும் கட்டிவைக்கும் விதி) மட்டும் எடுத்துவிட்டு, முனைகளை இழுத்துச் சுருக்கி, நடுவில் ஒரு சாய்வுக் கோடு போடலாம். பழைய கோடுகள் உயிரோடு இருப்பதால் அவற்றை நம்பிய எதுவும் அறுகாது. பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

திரும்பிப் போக முடியாத நிலை என்றால் ஃபைல் மெனுவில் 'சேவ் எ காப்பி' கொடுத்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. பழைய பதிப்புகளில், வெளியிலிருந்து எடுத்த எட்ஜ் காணாமல் போனால் மென்பொருள் அந்த ஸ்கெட்சில் வெளி எட்ஜ்களை நம்பிய கன்ஸ்ட்ரெயின்ட்களைத் தானே அழித்துவிடும். அழித்ததை ரிப்போர்ட் வியூ என்ற செய்தி ஜன்னலில் ஒற்றை வரியாகச் சொல்லும், அந்த ஜன்னல் மூடியிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதற்குமேல் சேவ் செய்துவிட்டால் எந்த அளவு எங்கே இருந்தது என்று பார்க்க வழியில்லை. ஒரு ஃபிக்சர் (வேலைப்பொருளைப் பிடித்துவைக்கும் சாதனம்) வரைபடத்தில் இப்படி ஏழெட்டு அளவுகளைத் தொலைத்து, பழைய பிரின்ட்டைத் தேடி எடுத்து ஒரு சாயங்காலம் முழுக்க மறுபடி ஏற்றியிருக்கிறேன். பிரதி எடுக்க மூன்று விநாடி.

கூடவே வியூ மெனுவில் பேனல்ஸ் என்பதற்குள் போய் ரிப்போர்ட் வியூவைத் திறந்து வையுங்கள். இனி அது திறந்தே இருக்கட்டும்.

மேலிருந்து முதல் சிவப்பு

ட்ரீயில் ஆச்சரியக்குறி போட்ட ஃபீச்சர்களில் எது மேலே இருக்கிறதோ அதுதான் உங்கள் நோயாளி. கீழே உள்ளவற்றைத் தொடவே தொடாதீர்கள். அதன்மேல் மவுஸை வைத்தால் என்ன பிழை என்று சின்னப் பெட்டியில் வரும். கன்ட்ரோல் ஆர் அடித்து மறுபடி கணக்கிடச் சொன்னால் ரிப்போர்ட் வியூவிலும் அதே பிழை கொஞ்சம் விரிவாக வரும்.

சிவப்பு பேட் மீது இருந்தாலும் கோளாறு அதற்குள் இருக்கும் ஸ்கெட்சில் இருக்கலாம், ஆகவே பேடை விரித்து ஸ்கெட்சையும் பாருங்கள். எது எதை நம்பியிருக்கிறது என்று தலை சுற்றினால் டூல்ஸ் மெனுவில் டிபென்டென்சி கிராஃப் இருக்கிறது. அது வேலை செய்ய கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருளும் கணினியில் இருக்க வேண்டும். அம்புக்குறிகளோடு முழுக் குடும்ப மரமும் வரும். பத்து ஃபீச்சர் வரை அது தேவைப்படாது, முப்பதைத் தாண்டினால் அது இல்லாமல் முடியாது.

சிவப்பே இல்லை, ஆனால் வடிவம் தப்பு என்றால் அதுதான் மோசமான வகை, நம் தொங்கும் உருளை மாதிரி. அப்போது மேலிருந்து ஒவ்வொரு ஃபீச்சராகத் தேர்ந்து ஸ்பேஸ்பார் அடியுங்கள். ஒரு பாடியில் (ஒரு பாகத்தின் ஃபீச்சர்கள் அடங்கிய தொகுப்பு) ஒரு நேரத்தில் ஒரு ஃபீச்சரின் நிலைதான் தெரியும், ஆகவே பாகம் படிப்படியாக வளர்வதைப் பார்க்கலாம். எந்தப் படியில் தப்பாகிறதோ அதைப் பிடியுங்கள்.

ஸ்கெட்ச் உட்காரும் இடம்

அறுந்தவற்றில் இதுதான் அதிகம், சரிசெய்வதும் இதுதான் சுலபம். ஸ்கெட்சைத் திறக்க வேண்டாம், ட்ரீயில் ஒருமுறை கிளிக் செய்து தேர்ந்தால் போதும். கீழே பிராப்பர்ட்டி பகுதியில் டேட்டா தாவலில் அட்டாச்மென்ட் என்ற பிரிவு இருக்கும். அதில் மேப் மோட் என்ற வரியில் கிளிக் செய்தால் ஓரத்தில் மூன்று புள்ளிப் பொத்தான் வரும், அதை அழுத்துங்கள். அட்டாச்மென்ட் எடிட்டர் திறக்கும்.

ரெஃபரன்ஸ் 1 என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் பழைய ஃபேஸின் பெயர் இருக்கும். பொத்தானை அழுத்திவிட்டு, மாடலில் சரியான ஃபேஸைக் கிளிக் செய்யுங்கள். மோட் பட்டியலில் சமதள ஃபேஸுக்கான மோடைத் தேர்ந்து, ஒட்டிக்கொண்டது என்ற செய்தி மேலே வந்ததும் ஓகே.

புதியவர்கள் எல்லாரும் விழும் குழி இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் மாடல் கடைசி நிலையில் இருக்கும், ஃபில்லட் வரை முடிந்த நிலை. அதில் மேல் ஃபேஸைக் கிளிக் செய்தால் நீங்கள் தேர்ந்தது ஃபில்லட்டின் ஃபேஸ், தட்டின் ஃபேஸ் இல்லை. ஸ்கெட்ச் ஃபில்லட்டை நம்புகிறது, ஃபில்லட் உருளையை நம்புகிறது, உருளை ஸ்கெட்சை நம்புகிறது. வட்டம். ஃப்ரீகேட் கிராஃப் ஒரு டேக் ஆக இருக்க வேண்டும் என்று புரியாத ஒரு பிழையைக் காட்டும். அதன் அர்த்தம் 'நம்பிக்கை வட்டமாகச் சுற்றுகிறது' என்பது மட்டுமே. ஆகவே எடிட்டரைத் திறக்கும் முன்பே அடித்தட்டின் பேடைத் தேர்ந்து ஸ்பேஸ்பார் அடித்து அதை மட்டும் தெரிய வையுங்கள், பிறகு ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கெட்ச் எப்போதும் தனக்கு முன்னால் பிறந்ததை மட்டுமே பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒட்டவைத்ததும் ஸ்கெட்ச் 90 டிகிரி திரும்பியோ கண்ணாடியில் பார்த்தது போலவோ நிற்கலாம். பயப்பட வேண்டாம். திரும்பியிருந்தால் அதே எடிட்டரில் அட்டாச்மென்ட் ஆஃப்செட் கீழே இசட் அச்சுச் சுழற்சியில் 90 அல்லது 180 கொடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பார்த்து நின்றால் மேப் ரிவர்ஸ்ட் என்பதை மாற்றுங்கள்.

இவ்வளவு செய்துவிட்டு, இந்த ஸ்கெட்ச் ஃபேஸில்தான் உட்கார வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். எனக்கு அவசியம் இல்லை என்றே படுகிறது. ரெஃபரன்ஸ் 1-க்கு ஃபேஸுக்குப் பதிலாக ட்ரீயில் ஆரிஜின் (அச்சுகள் சந்திக்கும் தொடக்கப் புள்ளி) கீழே இருக்கும், நம் தட்டை வரைந்த எக்ஸ்ஒய் பிளேனைக் (தளம்) கொடுங்கள். ஆஃப்செட்டில் இசட் 6 மிமீ. ஆரிஜின் பிளேன் எந்தக் காலத்திலும் எண் மாறாது, பாகத்தில் நீங்கள் என்ன செய்தாலும் அது அங்கேயே இருக்கும். 6 என்று வெறும் எண்ணாகப் போடாமல், பெட்டியின் ஓரத்தில் இருக்கும் நீல வட்டத்தை அழுத்தி, அடித்தட்டு பேடின் லெங்த்தைச் சூத்திரமாகக் கொடுங்கள். நாளைக்குத் தட்டை 5 ஆகக் குறைத்தால் ஸ்கெட்சும் சேர்ந்து இறங்கும். வெறும் 6 போட்டிருந்தால் உருளைக்கும் தட்டுக்கும் நடுவே 1 மிமீ இடைவெளி விழுந்து, பாகம் இரண்டு துண்டாகிவிடும்.

மெஜந்தாக் கோடுகள்

ஸ்கெட்சுக்குள் எக்ஸ்டர்னல் ஜியாமெட்ரி கருவியால் வெளி எட்ஜைக் கொண்டுவந்தால் அது மெஜந்தா நிறத்தில் தெரியும். நம் உருளையின் 20 மிமீ அளவு அந்த வலது எட்ஜிலிருந்துதான் போடப்பட்டிருக்கிறது. அந்த எட்ஜ் போய்விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். அளவு காணாமல் போய் ஸ்கெட்ச் பச்சையிலிருந்து வெள்ளைக்குத் திரும்பும், அல்லது அளவு வேறு ஏதோ எட்ஜைப் பிடித்துக்கொண்டு வட்டம் எங்கேயோ போய் நிற்கும்.

ஒரு கன்ஸ்ட்ரெயின்டை ஒரு கோட்டிலிருந்து கழற்றி இன்னொரு கோட்டில் மாட்டும் வசதி ஃப்ரீகேடில் இல்லை. போட்டதை அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் வரிசை முக்கியம். பழைய மெஜந்தாக் கோட்டை எடுத்த எடுப்பில் அழித்தால் அதோடு ஒட்டிய எல்லா அளவும் சேர்ந்து போய்விடும், எது எவ்வளவு இருந்தது என்பதும் மறந்துவிடும்.

நான் செய்வது இப்படி. ஸ்கெட்சைத் திறந்து பழைய மெஜந்தாக் கோட்டைத் தேர்ந்து, ஸ்கெட்சர் கருவிகளில் 'செலக்ட் அசோசியேட்டட் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' கொடுப்பேன். அந்தக் கோட்டை நம்பிய கன்ஸ்ட்ரெயின்ட்கள் மட்டும் இடப்பக்கப் பட்டியலில் ஒளிரும். அவற்றை ஒரு தாளில் எழுதிவிடுவேன், 'வலது எட்ஜ் முதல் மையம் வரை 20' என்று. கோடே இல்லாமல் போயிருந்தால் எடுத்து வைத்த பிரதியைத் திறந்து அதில் பார்ப்பேன். அப்புறம் எக்ஸ்டர்னல் ஜியாமெட்ரி கருவியை எடுத்துப் புது எட்ஜைக் கொண்டுவருவது. பட்டியலிலிருந்து பழைய அளவு ஒன்றை அழித்து, அதே இடத்தில் புது எட்ஜிலிருந்து அதே அளவைப் போடுவது. அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றாகத்தான், மொத்தமாக அழித்துவிட்டு மொத்தமாகப் போடக்கூடாது, ஏனென்றால் கட்டு தளர்ந்த வட்டங்களும் கோடுகளும் ஓர் அளவு மாறியதும் நழுவி ஓடிவிடும், பிறகு எது எங்கே இருந்தது என்று தெரியாது. எல்லா அளவும் மாறிய பிறகு யாரும் நம்பாத அந்தப் பழைய மெஜந்தாக் கோட்டை அழித்துவிடலாம். மேலே சால்வர் செய்தியில் முழுக்கக் கட்டுப்பட்டது என்று வந்து ஸ்கெட்ச் பச்சையானால் முடிந்தது.

ஸ்கெட்ச் திறக்கவே மறுத்தால், அல்லது கன்ஸ்ட்ரெயின்ட்கள் கெட்டுப்போயின என்று சொன்னால், அதை மூடிவிட்டு ட்ரீயில் தேர்ந்து ஸ்கெட்ச் மெனுவில் 'வேலிடேட் ஸ்கெட்ச்' கொடுங்கள். செல்லாத கன்ஸ்ட்ரெயின்ட்களைத் தேடவும் நீக்கவும் அதில் பொத்தான்கள் இருக்கின்றன. முதலில் தேடல், எத்தனை என்று பார்த்த பிறகு நீக்கம்.

ஃபில்லட், சாம்ஃபர்

சாம்ஃபர் என்பது எட்ஜைச் சாய்வாகச் சீவுவது. இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபில்லட்டை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, பட்டியலில் இருக்கும் செத்த எட்ஜை நீக்கிவிட்டு, சரியான எட்ஜைச் சேருங்கள். ஆரம் கூடிப்போய்ப் பக்கத்து எட்ஜைத் தொட்டாலும் ஃபில்லட் தோற்றுப்போகும், அப்போது ரெஃபரன்ஸ் சரியாகவே இருந்தாலும் சிவப்பு வரும், ஆரத்தைக் குறைத்துப் பாருங்கள். மேலே உள்ளவற்றைச் சரிசெய்யும் நேரத்தில் ஃபில்லட் இடைஞ்சலாக இருந்தால் 1.0-இல் சப்ரஸ் என்ற வசதி இருக்கிறது, தற்காலிகமாக அணைத்துவைத்து வேலை முடிந்ததும் திரும்பப் போடலாம்.

வேறு மென்பொருளில் இருப்பவர்களுக்கு

வேலை இடத்தில் சாலிட்வொர்க்ஸ் என்றால் அறுந்த உறவை அங்கே டேங்ளிங் என்பார்கள், ஸ்கெட்சில் மங்கிய பழுப்பு கலந்த பச்சையில் தெரியும். அறுந்த அளவைத் தேர்ந்தால் முனையில் சிவப்புப் புள்ளி வரும், அதைப் பிடித்து இழுத்துச் சரியான எட்ஜில் விட்டால் ஒட்டிக்கொள்ளும், ஃப்ரீகேடிலும் இது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். தளம் போயிருந்தால் எடிட் ஸ்கெட்ச் பிளேன். ரோல்பேக் பட்டையை மேலே ஏற்றிவிட்டுத் தேர்ந்தால் நான் சொன்ன வட்டக் குழியில் விழ மாட்டீர்கள். ஃப்யூஷனில் டைம்லைனில் மஞ்சளும் சிவப்புமாக வரும், இடப்பக்கம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள், அங்கே ரீடிஃபைன் ஸ்கெட்ச் பிளேன். இன்வென்டரில் ஸ்கெட்ச் டாக்டர் என்று ஒன்றே இருக்கிறது. பெயர்கள் வேறு, வேலை இதே வேலை.

அடுத்த பாகத்தை வரையும்போது

ட்ரீயில் எதைச் சேர்த்தாலும் எஃப்2 அடித்துப் பெயர் வையுங்கள். 'ஸ்கெட்ச்007' அறுந்தது என்றால் நாலைந்து ஸ்கெட்சைத் திறந்து பார்க்க வேண்டும், 'மோட்டார் துளைகள்' அறுந்தது என்றால் நேராக அங்கே போகலாம். ஃபில்லட்டும் சாம்ஃபரும் கடைசியில் மட்டும், அவற்றின் எட்ஜை எந்த ஸ்கெட்சும் தொடக்கூடாது. வெளி எட்ஜ் வேண்டும் என்றால் திடப்பொருளின் எட்ஜை எடுப்பதைவிட, அதைப் பெற்றெடுத்த ஸ்கெட்சைத் தெரிய வைத்து அதன் கோட்டை எடுங்கள். அதைவிட நல்லது பாகத்தை ஆரிஜினை மையமாக வைத்து வரைந்து, அச்சுகளிலிருந்தே அளவு போடுவது. நம் தட்டை நடுவில் வைத்திருந்தால் வலது எட்ஜ் 40-இல் இருக்கும், உருளையின் மையம் நிலை அச்சிலிருந்து 20. மெஜந்தாக் கோடே தேவையில்லை. தட்டின் நீளம் மாறினால் உருளையும் நகர வேண்டும் என்றால் அந்த 20-க்குப் பதிலாக நீளத்தில் பாதி கழித்தல் 20 என்று சூத்திரம் போடுங்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியதும் கோப்பை மூடிவிடாதீர்கள். முதல் ஸ்கெட்சைத் திறந்து 80-ஐ 95 ஆக்குங்கள், பேடை 6-லிருந்து 10, கன்ட்ரோல் ஆர். உருளை தன் இடத்தில் நிற்கிறதா, துளை உருளைக்கு நடுவில் இருக்கிறதா, ரிப்போர்ட் வியூவில் சிவப்பு வரி ஏதும் வந்ததா என்று பாருங்கள். பிறகு பழைய அளவுக்குத் திரும்பி வந்து சேவ் செய்யுங்கள்.